டிரேசிங் தாளில் ஒரு குண்டூசி ஓட்டை

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று பாயை விரிக்கும்போது நந்தினியிடமிருந்து போன் வந்தது. சேலத்தில் நான் காலமெல்லாம் குப்பை கொட்டிய ஆவண அறைக்கு இப்போது அவள்தான் பொறுப்பாளர். அந்தக் காலத்து இரும்புக் கம்பெனி ஒன்று விட்டுப்போன காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனுங்கய்யா, தூங்கிட்டீங்களா?"

"இனிமேல்தான். சொல்லு சாமி."

"கரட்டடி வரைபடம் இருக்குதில்லீங்கய்யா, அதுகூட ஒரு டிரேசிங் தாள் மடிச்சு வெச்சிருக்குதுங்க. சீல் இல்ல, கையெழுத்தில்ல, ஓரத்துல ஓட்டை வேற. நகல்தானேன்னு கழிச்சுடலாங்களா?"

எங்கள் தொழிலில் கழிப்பது என்றால் பட்டியல் போட்டு, மேலிடத்தில் அனுமதி வாங்கி, வெட்டிப் போட்டுவிடுவது. நகல்களை அப்படிக் கழிக்கலாம் என்று விதியே இருக்கிறது. அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "தாயி, அதை மட்டும் தொட்டுடாதே. ஏன்னு எழுதியே தாரேன்" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்தேன். அதற்காக எழுதத் தொடங்கியதுதான் இது.

நான் மல்லசமுத்திரத்துக்காரன். எங்கள் பக்கத்தில் படித்த பையன் என்றால் லாரி ஆபீசில் கணக்கு எழுதுவான், இல்லாவிட்டால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போவான். எனக்கும் அந்த ஆசைதான். தேர்வு எழுதி வந்த வேலையோ பழைய காகிதத்துக்குக் காவல் காப்பது. என் மனைவி கல்யாணமான புதிதில், "உங்க ஆபீசுல என்ன பண்றீங்க?" என்று கேட்டதற்கு, "செத்துப்போன கம்பெனியோட கணக்கைப் பாத்துக்கறேன்" என்றேன். "உயிரோட இருக்கறவங்க கணக்கை எப்பப் பாப்பீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை வாக்குவாதத்தில் அவளை நான் ஜெயித்ததில்லை.

கம்பெனியின் காகிதங்கள் மரப்பெட்டிகளில் வந்தவை. வெள்ளைக்காரன் காலத்தில் கரடு என்று நாங்கள் சொல்லும் சின்னக் குன்றுகளிலெல்லாம் கல் வெட்டி, மரக்கரி போட்டு உருக்கி, இரும்பு வார்த்த கம்பெனி அது. காடு தீர்ந்தது, கரி தீர்ந்தது, கம்பெனியும் தீர்ந்தது. மிஞ்சியவை கூலிப் பதிவேடுகள், கரி ஒப்பந்தங்கள், உலைக்காரர்களும் தலைமை அலுவலகமும் மாறி மாறித் திட்டிக்கொண்ட கடிதங்கள், சுரங்க வரைபடங்கள். ஒரு கட்டைப் பிரித்தால் சட்டையெல்லாம் செம்புழுதி. முதல் சில வருஷங்கள் நான் கற்றதெல்லாம் தும்மாமல் கட்டுப் பிரிப்பதும், கரையான் போன வழியைப் பார்த்து எந்தப் பெட்டியை முதலில் காப்பாற்றுவது என்று முடிவு செய்வதும்தான்.

தொழிலை உண்மையில் கற்றுக்கொண்டது கமலவேணி மேடம் அதிகாரியாக வந்த பிறகு. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். கண்ணாடி எவ்வளவு நேரம் துடைக்கப்படுகிறதோ அவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். வாசலில் வாளியும் சோப்பும் இருக்கும். கலெக்டரே வந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் கட்டைத் தொட வேண்டும். அறைக்குள் பென்சில் மட்டும்தான், பேனா கிடையாது. ஒரு தாளை எடுத்தால் அது இருந்த இடத்தில் எடுத்தவர் பெயரெழுதி அட்டை வைக்க வேண்டும். "அநேகமா" என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. "அநேகமா அந்தக் கட்டுல இருக்குங்க மேடம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். "அநேகமா நீங்க சம்பளம் வாங்கறீங்களா, நிச்சயமா வாங்கறீங்களா?" என்றார். அதோடு அந்தச் சொல்லை வீட்டில்கூட விட்டுவிட்டேன்.

எங்கள் அறைக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. மோகனூரிலிருந்து ஒருவர் ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். கம்பெனித் துரை ஊரைவிட்டுப் போகும்போது தங்கம் புதைத்துவிட்டுப் போனாராம், அந்த இடத்துக்குப் படம் வேண்டுமாம். மேடம் சிரிக்கவில்லை. கம்பெனி கடைசியாக எழுதிய கடிதங்களை எடுத்து, மாட்டு வண்டிக்கு வாடகை கொடுக்கக்கூட வழியில்லை என்று துரை புலம்பியிருப்பதைப் படித்துக் காட்டினார். வந்தவர் கேட்டு முடித்துவிட்டு, "பாவமுங்க அந்த மனுசன்" என்று துரைக்காக வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

எருமப்பட்டிப் பெரியவர் ஒருவர் தன் பாட்டனுக்குப் பாட்டன் கம்பெனிக்குக் கரி சுட்டுக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேடினோம். கரி ஒப்பந்தம் ஒன்றில் அந்தப் பெயரும் பக்கத்தில் மைதொட்டு வைத்த கட்டைவிரல் ரேகையும் கிடைத்தன. பெரியவர் அதைத் தொடலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மை பட்ட இடத்தில் ஒருவரையும் விரல் வைக்கவிடாத மேடம், "போய்க் கையைக் கழுவி, ஈரமில்லாம துடைச்சிட்டு வாங்க" என்றார். அவர் வந்து தன் விரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அழுதுவிட்டார். இந்த வேலைக்கு வந்ததில் நஷ்டமில்லை என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றுதான்.

இனி அந்த டிரேசிங் தாளின் கதைக்கு, கரட்டடி ராசம்மாவின் கதைக்கு வருகிறேன்.

கரட்டடி என்று நான் சொல்லும் ஊர், இரும்புக் கரடு ஒன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு டிரைவர், கிளீனர், ரிக்காரர்கள். ராசம்மாவின் வீட்டுக்காரர் இன்னொருவர் லாரியில் டிரைவர். மாதத்தில் பாதி நாள் நாக்பூரோ ராய்ப்பூரோ. இருவரும் சேர்த்த பணத்தில் மனை வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கம்பெனி காலத்துச் சுரங்கக் குழி ஒன்று அவள் மனைக்கு அடியில் இருக்கிறதாம். கரட்டின் அடிவாரத்தில் வீடு கட்ட எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் அனுமதி கொடுப்பார்கள். நில அளவைக்காரர்கள் எங்களிடமிருந்து நகல் வாங்கி, ஊர் வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். குழி சரியாக அவள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தது.

வாரம் தவறாமல் திங்கட்கிழமை எங்கள் அறைக்கு வந்துவிடுவாள். வாளியில் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்காருவாள். யாரும் சொல்லித் தராமலே அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்கடியில குழி இருக்குதுன்னா இருக்கட்டுமுங்க. உங்க காயிதத்துல இருந்து அதை எடுத்து வேற பக்கம் வெச்சுடுங்க. காயிதத்துலதானுங்களே இருக்குது?"

நான் சிரித்துவிட்டேன். மேடம் என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"என்னால நகர்த்த முடியாதும்மா. ஆனா அது அங்கதான் இருக்கான்னு பாக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, மேடம் அசல் வரைபடத்தையே எடுக்கச் சொன்னார்.

பெரிய மேஜையில் விரித்து நான்கு மூலையிலும் துணிப்பொட்டலத்தில் கட்டிய மணல் எடைகளை வைத்தோம். கரட்டடியின் மூலையில் கம்பெனி நட்ட எல்லைக் கல், வடக்குக் குறி, அளவுகோல் எல்லாம் படத்தில் தெளிவாக இருந்தன. கல் இன்றும் ஊரில் நிற்கிறது. கல்லோடு கல்லைப் பொருத்தி, வடக்கோடு வடக்கைப் பொருத்தினால் குழி ராசம்மாவின் மனையில்தான் விழும். அளவைக்காரர்கள் செய்தது சரியாகவே தெரிந்தது. மேடம் படத்தின் மேல் குனிந்து, கம்பெனி வெட்டிய ஒரு கிணற்றைக் காட்டினார்.

"இந்தக் கிணறு இப்ப எங்க வருது?"

ஊர் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். "ராசம்மா மனைக்குப் பக்கத்துப் பாறை மேல வருதுங்க மேடம்."

"பாறை மேல எவனாவது கிணறு வெட்டுவானா?"

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ராசம்மா எழுந்து வந்தாள். "எங்கூர்ல கம்பெனிக் கெணறுன்னு ஒண்ணு இருக்குதுங்க. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துல. தண்ணி வத்தி ரொம்ப நாளாச்சுங்க. ஆனா அது எங்க ஊட்டுக்கு ஏகத் தொலவு."

அடுத்த நாள் மேடம் கரட்டடிக்குக் கிளம்பிவிட்டார். ரப்பர் செருப்பு, தோளில் ஒரு பை. பையில் ஒரு திசைமானி. நானும் போனேன். எல்லைக் கல் கரட்டை ஒட்டி, கரும்பாறைகளுக்கு நடுவே நின்றது. மேடம் கல்லின் தலையில் திசைமானியை வைத்தார். முள் ஆடி ஆடி ஒரு பக்கம் நின்றது. வைத்தவாறே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முள் வடக்கைக் காட்டவில்லை, கரட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வயலுக்குள் நடக்க நடக்க முள் மெல்லத் திரும்பி நேரான வடக்குக்கு வந்தது.

எங்கள் கரட்டுக் கல் காந்தக் கல். அந்தக் காலத்து அளவைக்காரர் அந்தக் கல்லின் மேல் ஒரே ஒரு தடவை திசை பார்த்திருக்கிறார். மற்றதையெல்லாம் அங்கிருந்து சங்கிலி போட்டு அளந்திருக்கிறார். சங்கிலி அளவில் பிசகு இல்லை. திசை மட்டும் மொத்தமாகத் திரும்பிவிட்டது. இரும்பைத் தேடி வந்த கம்பெனியை இரும்பே ஏமாற்றியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; இந்தத் தடவை மேடமும் சிரித்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேடம் டிரேசிங் தாள் கேட்டார். அசலின் மேல் குண்டூசி படக்கூடாது என்பது அவர் சட்டம். அசலைக் கூர்ப் பென்சிலால் டிரேசிங் தாளில் பிரதி எடுத்து, ஊர் வரைபடத்தின் மேல் விரித்து, எல்லைக் கல் இருந்த இடத்தில் ஒரே ஒரு குண்டூசி குத்தினார். பிறகு தாளை அந்த ஊசியைச் சுற்றி மெதுவாகத் திருப்பினார். எங்களோடு வந்திருந்த ராசம்மா மேஜையை ஒட்டி நின்று பார்த்தாள். கிணறு பாறையைவிட்டு இறங்கி, வயல்களைத் தாண்டி, கோயில் கிணற்றின் மேல் போய் உட்கார்ந்தது.

"ஒண்ணு பொருந்தினா போதுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"போதாது. உலை எங்க வருது பாருங்க."

படத்தில் உலை இருந்த இடம், ஊரில் இன்றும் இரும்புக் கசடு கட்டி கட்டியாகக் கிடக்கிற மேட்டின் மேல் வந்தது. குழியோ ராசம்மாவின் அடுப்படியைவிட்டு வெளியேறி, கோயில் மைதானத்தில் போய் விழுந்தது.

ராசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "சொன்னனில்லீங்க, எடுத்து வேற பக்கம் வெச்சா ஆச்சுன்னு!" என்றாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

கோயில் மைதானம் சாதாரண இடமில்லை. ஆயுத பூஜையன்று கரட்டடியின் லாரி, ரிக், டிப்பர் எல்லாம் எந்த மாநிலத்தில் ஓடினாலும் ஊருக்கு வந்து, கழுவி, மாலை போட்டு, அங்கேதான் வரிசையாக நிற்கும். ஊரின் கௌரவமே அந்த வரிசைதான். பூஜைக்கு ஒரு மாதம்கூட இல்லை. மைதானத்தைத் துளைத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதும் ஊர் கொதித்தது. குழி மைதானத்தில்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஒழிய, ராசம்மாவுக்கு அனுமதி கொடுக்க முடியாது என்று உத்தரவு போட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் அவள் வீடு ஊரின் கையில் சிக்கியது.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். "தன் தலையில இருந்த கல்லத் தூக்கி மாரியாத்தா தலையில வெச்சுட்டா" என்று ஒருவர் சத்தம் போட்டார். ராசம்மா தலை குனியவில்லை. "என்ற ஊடு கெடக்கட்டுமுங்க. பூஜையன்னைக்கு எல்லா வண்டியும் ஏறி நிக்கறப்ப மண்ணு உள்ள போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? டிரைவரு, கிளீனரு, கும்பிட வந்த பொண்டு புள்ளைக எல்லாம் அங்கதானுங்க நிப்பாங்க" என்றாள். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் யாரும் சரி என்று சொல்லவில்லை.

அப்போது கோயில் தர்மகர்த்தா முத்துசாமி எழுந்தார். அவருக்கு இரண்டு ரிக் வண்டி ஓடுகிறது. வரிசையில் முதல் இடம் எப்போதும் அவருடையதுதான்.

"மேலருந்து போர் போட்டா ஆவாதுங்க. நெசமாவே குழி இருந்தா வண்டியே உள்ள போயிரும். கம்பெனிக் கெணறு வத்தித்தானே கெடக்குது? அதுக்குள்ள மிஷினை எறக்கி சைடு போர் போட்டுப் பாத்தா மைதானத்துல ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்க வேண்டாம். மிஷின் நம்முளுது. செலவும் நம்முளுது." பிறகு மேடம் பக்கம் திரும்பி, "எந்தத் தெசைன்னு மட்டும் நீங்க சொல்லுங்க மேடம்" என்றார்.

சைடு போர் என்பது கிணற்றுக்குள் இறங்கி, பக்கவாட்டில் துளை போட்டு ஊற்றுத் தேடுவது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காகிதத்தில் இருக்கிற குழியைத் தேட அதைப் பயன்படுத்தலாம் என்று எனக்கோ மேடத்துக்கோ தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மிஷினை இறக்கினார்கள். சுரங்கத் துறையிலிருந்து ஒரு பொறியாளரும் வந்திருந்தார். டிரேசிங் தாளில் கிணற்றிலிருந்து குழிக்குக் கோடு கிழித்து, அந்தத் திசையைக் கரட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்று குறித்துக் கொடுத்தோம். கம்ப்ரஸர் உறுமியது. துளையிலிருந்து கல் தூள் புகையாக வெளியே வந்துகொண்டே இருந்தது. துளை போடும் ராடு ஒன்று உள்ளே போனது, இன்னொன்று போனது. ஊரே கிணற்று மேட்டில் நின்றது. ராசம்மா மட்டும் கோயில் படியில் உட்கார்ந்து, கிணற்றுப் பக்கமே பார்க்காமல் இருந்தாள்.

நேரம் போகப் போக எனக்குப் பயம் வந்தது. பக்கத்தில் மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தப்பு செய்த ஆள் யாரும் இல்லை. அவருக்கும் பயம்தான்.

திடீரென்று தூள் வருவது நின்றது. கம்ப்ரஸர் காற்று உள்ளே போகிறது, திரும்பி வரவில்லை. ராடு தானாக ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஆபரேட்டர் கத்தினார்: "பொந்துங்கோ! உள்ள பொந்து!"

முத்துசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்தார். வருஷா வருஷம் அவருடைய ரிக் நிற்கும் இடம் அது. மேலே மரம் போட்டு மண் தள்ளி மூடிய பழைய குழி என்று பிறகு தெரிந்தது; அந்த மரம் உளுத்துக்கொண்டே இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது. "ஆத்தா காப்பாத்தியிருக்கறா" என்றார். பிறகு கோயில் படிக்குப் போய், "ராசம்மா, எந்திரி சாமி. போய் உன்ற ஊட்டைக் கட்டு" என்றார். அவள் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேடம் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷம் மைதானத்துக்கு வேலி போட்டாகிவிட்டது. குழியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பப் பிறகு பல மாதம் ஆனது. வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று ஊரில் யோசித்தார்கள். கரட்டடியில் அவ்வளவு நீளத்துக்கு நேரான ரோடு ஒன்றுதான் உண்டு. அது ராசம்மாவின் மனையை ஒட்டிப் போகிறது. ஆயுத பூஜையன்று அவள் அஸ்திவாரத்துக்கு முன்னாலிருந்து ஊர் எல்லை வரைக்கும் வண்டி வரிசை நின்றது. முதல் வண்டி முத்துசாமியின் ரிக் இல்லை. ராசம்மாவின் வீட்டுக்காரர் ஓட்டும் லாரி. இன்னொருவர் லாரிதான், ஆனால் அன்று அதற்கு மாலை போட்டதும் சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியதும் அவர்தான். எனக்கும் மேடத்துக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். மேடம் கை கழுவத் தண்ணீர் கேட்டார். ராசம்மா வாளியும் சோப்பும் தயாராக வைத்திருந்தாள்.

இதுவரைக்கும் எழுதி நந்தினிக்கு அனுப்பினேன். படித்து முடித்ததும் அவள் போன் செய்தாள். "அய்யா, இதே அளவைக்காரர் போட்ட வரைபடம் இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. வேற வேற கரடுங்க. ஸ்கேன் பண்றப்ப மெஷின் எல்லாத்தையும் வடக்கு மேல வர்ற மாதிரி நேராக்கிட்டு வருதுங்க. அந்த ஊருகளுக்கும் நாம திருப்பிப் பாக்கோணுமில்லீங்க?" என்றாள். நான் யோசிக்கவே யோசிக்காத விஷயம் அது. கம்ப்யூட்டரில் கல்லின் மேல் விரல் வைத்துத் திருப்பினால் ஆயிற்று, ஊசி வேண்டாம் என்றாள். டிரேசிங் தாளுக்குத் தனி எண் போட்டு, ஓட்டையோடு அப்படியே படம் எடுத்துவிட்டாளாம்.

மேடம் இப்போது ஆத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அன்றைக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கழிக்க இருந்தார்கள் என்று கேட்டுக் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"ஓட்டை எப்படி இருக்கு? கிழிஞ்சு பெருசாகலையே?" என்று கேட்டார்.

அநேகமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். நந்தினி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லீங்க மேடம். ஊசி குத்தின அளவுலயே இருக்குதுங்க" என்றேன்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல திருப்பட்டும். சந்தேகம் வந்துச்சுன்னா ஒரு ஊசி எடுத்துட்டு என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. நான் வரேன்."